வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டிய புத்தொழில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குழந்தைத் தொழிலாளர் முறையையும் குழந்தைக் கடத்தலையும் தடுக்க, ஸ்டார்ட்அப் எனப்படும் புத்தொழில் நிறுவனங்கள் என்ன செய்யலாம் என்ற கேள்வி அண்மைக் காலமாகக் கல்லூரிப் போட்டிகளிலும், அரசு அறிவிப்புகளிலும், நாளிதழ்களின் வணிகப் பக்கங்களிலும் அடிக்கடி எழுப்பப்படுகிறது. தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் பணியாற்றி, அவற்றுள் கடைசி 9 ஆண்டுகள் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வி எழுப்பப்படுவதை மனமார வரவேற்கிறேன். ஆயினும் இதற்கு இதுவரை முன்வைக்கப்படும் விடைகளில் பெரும்பாலானவை, குழந்தை காணாமல் போன பிறகு அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றியவையாகவே இருக்கின்றன. குழந்தை வீட்டை விட்டுப் போவதற்கு முன்னும், போன உடனேயும் உள்ள அந்தச் சில வாரங்களில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நான் கண்டதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் ஓர் ஆண்டு பொங்கல் விடுமுறைக்குப் பின் பள்ளிக்கு வரவில்லை. தந்தை விவசாயக் கூலி; தாய் அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தார். முதல் வாரம் கேட்டபோது அண்ணனுக்குக் காய்ச்சல் என்று அவன் தங்கை சொன்னாள். இரண்டாம் வாரம் பாட்டி ஊருக்குப் போயிருக்கிறான் என்றாள். மூன்றாம் வாரம் கேட்டபோது எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். மாதந்தோறும் மேலே அனுப்பும் விவரத்தில், நெடுநாள் வராதோர் என்ற கட்டத்தில், அவன் ஓர் எண்ணாகச் சேர்ந்தான். உரிய அலுவலகத்துக்கு நான் தனியே எழுதிய கடிதத்துக்கு, விவரத்தைப் படிவத்தில் ஏற்றிவிட்டீர்களா என்ற கேள்விதான் பதிலாக வந்தது. அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டு மந்தையை அடைத்துக் கிடை கட்ட வந்த ஒரு கீதாரியிடம், அதாவது ஊர் ஊராக மந்தை ஓட்டிச் செல்லும் மேய்ப்பரிடம், 12,000 ரூபாய் முன்பணத்துக்கு அவன் ஆடு மேய்க்க விடப்பட்டிருந்தான் என்பது நான்காம் மாதத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. அதற்குள் கிடை வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. 17 மாதங்கள் கழித்து அவன் ஊர் திரும்பியபோது அவனோடு படித்தவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டிருந்தார்கள். தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்தான். எப்போதும் வாசலை ஒட்டியே உட்காருவான். இரண்டு மாதங்களில் மீண்டும் நின்றுவிட்டான்.

அந்தச் சிறுவனைப் பற்றி நான் இன்றும் நினைத்து வருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. அவன் போனது யாருக்கும் தெரியாமல் நடந்ததன்று. தங்கைக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், பதிவேட்டுக்கும் தெரியும். அவன் ஒருநாளும் காவல் நிலையத்துக் கணக்கில் காணாமல் போனவனாக இருந்ததில்லை. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 83,350 குழந்தைகள் காணாமல் போனதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டது. அந்தக் கணக்கில் அவனைப் போன்றவர்களுக்கு இடமில்லை, ஏனெனில் புகார் கொடுக்க வேண்டிய பெற்றோரே முன்பணம் வாங்கியவர்கள். புகாரிலிருந்து தொடங்கும் எந்தத் தொழில்நுட்பமும் இத்தகைய பிள்ளைகளைச் சென்றடையாது. (கீதாரிகள் எல்லோரும் இப்படிச் செய்பவர்கள் என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். வறண்ட பகுதிகளிலிருந்து மந்தையோடு நடந்தே வந்து, வெயிலிலும் பனியிலும் வயல்வெளியில் படுத்து, டெல்டாவின் மண்ணுக்கு எருவிடும் உழைப்பாளிகள் அவர்கள்.)

இது ஒரு பள்ளியின் கதையும் அன்று. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் எங்கள் பகுதியின் தென்னைகளையும் கூரைகளையும் சாய்த்த பிறகு, கடனுக்காகச் சிறுவர்கள் ஆடு மேய்க்க அடமானமாக விடப்பட்ட செய்திகள் நாளிதழ்களில் வந்தன. வடமாவட்டங்களில் இருளர் குடும்பங்களின் பிள்ளைகள் வாத்து மேய்க்கவும், செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் பெற்றோரோடு சேர்ந்து உழைக்கவும் கொண்டு போகப்படுகிறார்கள். மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளுக்கு, மூன்றாண்டு வேலை முடிந்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்ற வாக்குறுதியோடு இளம் பெண்கள் அழைத்துச் செல்லப்பட்ட சுமங்கலித் திட்டத்தை நாம் அறிவோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 13.8 கோடிக் குழந்தைகள் குழந்தைத் தொழிலாளர்களாக இருக்கிறார்கள், அவர்களில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலைகளில் இருக்கிறார்கள். மொத்தத்தில் 61 விழுக்காட்டினர் வேளாண்மையிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருக்கிறார்கள் என்ற கணக்கைத்தான் புத்தொழில் முனைவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டும். தொழிற்சாலை வாயிலில் கேமரா பொருத்தலாம். வாத்துக் கூட்டம் மேயும் வயலுக்கு வாயில் ஏது? குழந்தைத் தொழிலாளர் முறையை எல்லா வடிவங்களிலும் 2025க்குள் ஒழிப்பதாக உலக நாடுகள் ஐக்கிய நாடுகள் அவையில் ஏற்றுக்கொண்ட இலக்கின் காலக்கெடு நிறைவேறாமலேயே கடந்துவிட்டது.

தொழில்நுட்பத்தின் மீது எனக்கு வெறுப்பு இல்லை; அது ஓரிடத்தில் எவ்வளவு செய்தது, எங்கே நின்றுவிட்டது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். 2018 ஏப்ரலில் டெல்லியில் முக அடையாள மென்பொருளைக் கொண்டு காப்பகக் குழந்தைகளின் படங்களைக் காணாமல் போனோர் படங்களோடு ஒப்பிட்டு, 4 நாட்களில் ஏறத்தாழ 3,000 குழந்தைகளை அடையாளம் கண்டதாகப் பெரிய செய்தி வந்தது. அதே ஆண்டிலேயே அந்த மென்பொருளின் துல்லியம் 2 விழுக்காடு மட்டுமே என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் காவல் துறை தெரிவித்தது. அடுத்த ஆண்டில், துல்லியம் 1 விழுக்காட்டுக்கும் கீழே இருப்பதாகவும், ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும் கூட அது வேறுபடுத்தவில்லை என்றும் அதே நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. முதற்செய்தி நாடெங்கும் பேசப்பட்ட அளவுக்கு இரண்டாவது செய்தி பேசப்படவில்லை. வளரும் பிள்ளையின் முகம் மூன்று ஆண்டுகளில் எவ்வளவு மாறும் என்பது, பழைய மாணவர்களைத் திருவிழாவில் பார்த்துப் பெயர் தெரியாமல் திகைக்கும் எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, பாகிஸ்தான், வட இந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகியவற்றில் பரவிக் கிடக்கும் செங்கல் சூளைகளை மதிப்பிட்டு, அங்கே 55,387 சூளைகள் இருப்பதாக 2018இல் வெளியிட்டார்கள். இது உண்மையிலேயே பயனுள்ள வேலை. எந்த அரசுப் பட்டியலிலும் இல்லாத சூளைகூட வானத்திலிருந்து தெரிந்துவிடுகிறது. ஆய்வுக்குப் போக வேண்டிய அதிகாரியிடம், இடம் தெரியாது என்று சொல்ல வாய்ப்பில்லாமல் போகிறது. ஆனால் சூளைக்குள் கல் அறுக்கும் பெற்றோருக்குப் பக்கத்தில் காய்ந்த கல்லைத் திருப்பிப் போடும் எட்டு வயதுப் பிள்ளை வானத்திலிருந்து தெரியாது. அதற்கு ஒருவர் அங்கே போயாக வேண்டும்.

ஒருவர் போயாக வேண்டும் என்பதை நன்கு உணர்ந்து எழுந்த முயற்சிகளே நம் நாட்டில் நிலைத்திருக்கின்றன. 1996இல் மும்பையில், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணித் திட்டமாக ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய 1098 என்ற தொலைபேசி எண்ணைப் பாருங்கள். குழந்தையே கட்டணமின்றி அழைக்கலாம், அழைத்தால் ஒரு மனிதர் வருவார் என்ற இரண்டே உறுதிமொழிகளின் மீது அது நாடு முழுவதும் வளர்ந்தது. இந்த நாட்டில் குழந்தைகளுக்காக நடந்த புத்தாக்கங்களில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே. 2023 முதல் அது அரசின் வாத்சல்யா திட்டத்தின் கீழ் 112 அவசர எண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அமைப்பு எதுவாக இருந்தாலும், அழைத்தால் ஆள் வரும் என்ற அந்த இரண்டாம் உறுதிமொழி தளராமல் இருக்கிறதா என்பதையே நாம் தொடர்ந்து கவனிக்க வேண்டும். ரயில்வே பாதுகாப்புப் படையினர் 2018 முதல் 2024 மே வரை ரயில்களிலும் நிலையங்களிலும் 84,119 குழந்தைகளை மீட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள். கடத்தி வரப்பட்டவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். நடைமேடையில் நின்று, ஒரே ஆளோடு ஆறு சிறுவர்கள் வருகிறார்களே, அவர்களில் ஒருவனுக்கும் அந்த ஆளின் பெயர் தெரியவில்லையே என்று ஐயுறும் காவலரின் கண்ணுக்குத் துணை செய்வது எப்படி என்று யோசிக்கும் இளைஞர்களுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.

இனி பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பார்வையில் இந்தச் சிக்கலின் நடுமையம் அதுவே. கடனுக்காகப் பிள்ளையின் உழைப்பை ஈடு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், 14 வயது நிறையாதவர்களை, பள்ளி நேரத்துக்கு வெளியே குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, எந்த வேலையிலும் அமர்த்துவது குற்றம். அமர்த்துபவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், அவர் குழந்தையாக இருப்பின் மறுவாழ்வுத் தொகையாக 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் வழங்க மத்திய அரசின் திட்டத்தில் இடமிருக்கிறது. இவையெல்லாம் தேவையானவை. ஆனால் என் மாணவன் போனது 12,000 ரூபாய்க்கு. மீட்ட மறுநாள் அரசு தர அணியமாக இருக்கும் தொகையில் பாதி கூட இல்லாத ஒரு தொகை, அறுவைச் சிகிச்சை முடிந்த அந்த வாரத்தில், அந்த வீட்டுக்கு நல்ல வழியில் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே வழி முன்பணம்தான். பிள்ளையைக் கொடுக்க ஆசைப்பட்டுக் கொடுத்த ஒரு தாயையோ தந்தையையோ என் 31 ஆண்டுப் பணியில் நான் பார்த்ததில்லை. இரண்டு நாளுக்குள் பணம் வேண்டும் என்ற நெருக்கடியில் இருந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே குழந்தைகளுக்காக ஏதேனும் செய்ய விரும்பும் புத்தொழில் முனைவோரை நான் இரண்டு இடங்களுக்கு அழைப்பேன். ஒன்று, பள்ளியின் வருகைப் பதிவேடு. மற்றொன்று, அந்த இரண்டு நாள்.

வருகைப் பதிவேட்டைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் பாதி வேலை முடிந்துவிட்டது. ஆசிரியர்கள் காலையிலேயே வருகையைக் கைப்பேசிச் செயலியில் பதிகிறார்கள். ஒவ்வொரு மாணவருக்கும், நாங்கள் எமிஸ் என்று சொல்லும் தகவல் தளத்தில், தனி எண் இருக்கிறது. ஒரு பிள்ளை ஐந்து நாள் தொடர்ந்து வரவில்லை என்ற செய்தி ஏற்கெனவே இயந்திரத்துக்குள் இருக்கிறது. அது மேல்நோக்கி அலுவலகங்களுக்குப் போகிறதே தவிரப் பக்கவாட்டில், அதே தெருவில் இருப்பவர்களிடம் போவதில்லை. ஊராட்சி அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஊர்தோறும் இருக்கின்றன. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால், பிள்ளைகளை வீடு வீடாக அறிந்த தன்னார்வலர்கள் குடியிருப்புகளில் உருவானார்கள். ஐந்தாம் நாள் மாலையில் இவர்களில் ஒருவருக்குத் தமிழில் ஒரு குரல் அழைப்பு போக வேண்டும். அவர் அந்த வீட்டுக்குப் போய் நலம் விசாரித்துவிட்டு, பார்த்தேன், காய்ச்சல்தான் என்றோ, பிள்ளை வீட்டில் இல்லை என்றோ ஓர் எண்ணை அழுத்தித் திரும்பச் சொல்ல வேண்டும். பிள்ளை வீட்டில் இல்லை என்ற பதில் வந்தால் மூன்று நாளுக்குள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தாக வேண்டும். வந்தாரா இல்லையா என்பது தலைமை ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. யார், எப்போது, யாரிடம் சொல்வது என்ற சங்கிலியை அறுபடாமல் நடத்திக் காட்டும் ஒரு நிறுவனம் தேவை.

இதில் கணிப்புக்கும் ஓரளவு இடமுண்டு. டெல்டாவில் சம்பா அறுவடைக்குப் பின் தை, மாசியில் பிள்ளைகள் குறைவார்கள். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து நுவாகாய்ப் பண்டிகைக்குப் பின் முன்பணம் வாங்கிக்கொண்டு திருவள்ளூர்ப் பகுதிச் சூளைகளுக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகள், ஐப்பசி, கார்த்திகையில் அங்கே பள்ளியை விட்டு நின்று, ஆனி வரை எந்தப் பள்ளியிலும் இல்லாமல் இருப்பார்கள். புயலுக்கும் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் அடுத்த இரண்டு மூன்று மாதங்கள் ஆபத்தானவை. பழைய வருகை விவரங்களை மழைப் பதிவுகளோடும் பயிர்க் காலத்தோடும் சேர்த்துப் பார்த்து, எந்த ஒன்றியத்தில் எந்த வாரங்களில் விழிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு மென்பொருளை நம் கல்லூரி மாணவர்களால் எளிதில் எழுத முடியும். ஊரையும் காலத்தையும் அது சுட்டட்டும். வீட்டையும் பிள்ளையையும் சுட்ட வேண்டாம். இந்த வீட்டுப் பிள்ளை விற்கப்படக்கூடும் என்று ஓர் இயந்திரம் ஒரு குடும்பத்தின் மீது, அதிலும் பெரும்பாலும் பட்டியல் சமூக அல்லது பழங்குடிக் குடும்பத்தின் மீது, முத்திரை குத்துவதை நான் கடுமையாக எதிர்ப்பேன்.

அடுத்தது அந்த இரண்டு நாள். சுய உதவிக் குழுக்களின் சேமிப்பும் கூட்டமைப்புகளின் நிதியும் இருக்கின்றன. ஆனால் குழுக் கூட்டம் நடக்க வேண்டும், தீர்மானம் எழுத வேண்டும், முந்தைய கடன் பாக்கி இருக்கக் கூடாது. மிகவும் ஏழையான குடும்பம் பெரும்பாலும் எந்தக் குழுவிலும் உறுப்பினராகவே இருக்காது. மருத்துவம், ஈமச் சடங்கு, புயலில் விழுந்த கூரை ஆகிய மூன்றுக்கு மட்டும், 15,000 ரூபாய் வரை, 48 மணி நேரத்துக்குள், வட்டியில்லாமலோ மிகக் குறைந்த வட்டியிலோ கொடுத்து, அறுவடைக் கூலி வரும் மாதங்களில் சிறுகச் சிறுகத் திரும்பப் பெறும் ஓர் ஏற்பாட்டை ஒரு புத்தொழில் நிறுவனம் கூட்டமைப்புகளோடு சேர்ந்து நடத்த முடியாதா? நகரத்தில் வேலையில் இருப்பவருக்கு ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளை நம் இளைஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அத்தகைய செயலிகள் சிலவற்றின் வட்டியும் மிரட்டலும் தாங்காமல் உயிரை விட்டவர்களைப் பற்றியும் படித்திருக்கிறோம். அந்தக் கொடுமை கிராமத்துக்கு வேண்டாம். கொடுத்த கடனில் ஒரு பகுதி திரும்பாமல் போகும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அதை அரசோ நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியோ ஈடு செய்ய வேண்டும். மீட்புக்குப் பின் செலவாகும் தொகையோடு ஒப்பிட்டால் அது பெரிதே அன்று.

செங்கல் சூளைகளில் சிக்கல் வேறு வகையானது. அங்கே முன்பணத்தின் கணக்கு மேஸ்திரியின் நோட்டில் மட்டும் இருக்கிறது. எவ்வளவு வாங்கினோம், எத்தனை ஆயிரம் கல் அறுத்தோம், வாரச் செலவுக்கு எவ்வளவு கழிந்தது என்பது உழைத்த குடும்பத்துக்குப் பருவம் முடியும் வரை தெரியாது. கல் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் பிள்ளையின் கையும் சேர்ந்தால்தான் கடன் கழியும் என்ற நிலை. ஒடியா, இந்தி, தமிழ் ஆகிய மொழிகளில், எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு மிஸ்டு கால் கொடுத்துத் தன் கணக்கைக் குரலாகப் பதிந்து வைக்கவும், குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஒரு வசதி இருந்தால், தொழிலாளர் துறை அலுவலர் முன்னால் நிற்கும்போது அந்தக் குடும்பத்திடம் ஒரு சான்று இருக்கும். வேறு நாடுகளிலும் நம் நாட்டிலும் ஆயத்த ஆடை நிறுவனங்களுக்குப் பொருள் வழங்கும் ஆலைகளில் இத்தகைய குரல்வழிக் கருத்தறியும் சேவைகளைச் சில நிறுவனங்கள் நடத்தி வருகின்றன. நூற்பாலை விடுதிகளில் தங்கும் பெண்களிடம் கைப்பேசி இல்லாத, அல்லது வார்டன் முன்னிலையில் மட்டும் பேச முடிகிற இடங்களில் அந்தச் சேவை சொல்லும் திருப்தி விழுக்காட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை என்பதையும் வாங்கும் நிறுவனங்கள் உணர வேண்டும். சூளைப் பிள்ளைகளின் படிப்பு ஒடிசாவில் விட்ட இடத்திலிருந்து இங்கே தொடர, இரு மாநிலக் கல்வித் துறைகளும் ஒரே மாணவர் பதிவைப் பார்க்கும்படி செய்வதும் இதே அளவுக்குத் தேவையான வேலை.

குழந்தைகளின் விவரங்களைக் கையாள்வது பற்றி ஒரு கடுமையான வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. மீட்கப்பட்ட சிறுவர் சிறுமியரின் முகங்களை, கண்ணீரோடும் கிழிந்த சட்டையோடும், நன்கொடை கேட்கும் விளம்பரங்களில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிடுவதைத் தடை செய்கிறது. 2023ஆம் ஆண்டு எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோரின் உறுதிசெய்யப்பட்ட ஒப்புதலின்றிக் கையாளக் கூடாது என்கிறது. முன்பணம் வாங்கிய பெற்றோரிடமே ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும் இடங்களில் என்ன செய்வது என்பதை நிறுவனங்கள் தாமே முடிவு செய்யாமல், குழந்தைகள் நலக் குழுவின் வழிகாட்டுதலைப் பெற வேண்டும். எந்த விவரம் தேவையில்லையோ அதைச் சேகரிக்காமலே இருப்பது எல்லாவற்றிலும் நல்லது. ஊரில் ஒரு பெண் பிள்ளை மீட்கப்பட்டவள் என்று தெரிந்துவிட்டால் அவள் வாழ்வு என்னவாகும் என்பதைச் சென்னையின் அலுவலகத்தில் இருந்துகொண்டு கற்பனை செய்வது கடினம்.

புத்தொழில் என்ற சொல்லின் எல்லையையும் சற்று விரிக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். திருவள்ளூர் மாவட்டத்தில், கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு சிறகுகள் என்ற பெயரில் தங்களுக்கே சொந்தமாக ஒரு செங்கல் சூளையைத் தொடங்கினார்கள். நேற்று வரை முன்பணத்துக்குக் கல் அறுத்தவர்கள் இன்று உரிமையாளர்கள். அந்தச் சூளையில் கடனைக் கழிக்கப் பிள்ளையின் கை தேவையில்லை. தமிழ்நாட்டில் புத்தொழில்களுக்கு ஆதார நிதியும், பட்டியல் சமூக, பழங்குடித் தொழில்முனைவோருக்குத் தனி நிதியும் அரசு வழங்கி வருகிறது. பெற்றோரைக் கடனிலிருந்து விடுவிக்கும் இத்தகைய முயற்சிகள் குழந்தைத் தொழிலாளர் தடுப்புப் புத்தொழில்களாகவே கருதப்பட்டு அந்த நிதியில் முன்னுரிமை பெற வேண்டும். காமராசர் காலத்து மதிய உணவு எத்தனை பிள்ளைகளை மாட்டுக்கொட்டிலிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டு வந்தது என்பதை என் ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானே அந்தச் சோற்றை உண்டு படித்தவன். புத்தாக்கம் என்றதும் கைப்பேசித் திரையை மட்டும் நினைப்பவர்கள் அதையும் நினைவில் கொள்ளட்டும்.

நிதி வழங்கும் அரசுக்கும் தனியாருக்கும் என் வேண்டுகோள்கள் சில. முன்மொழிவுகளைத் தேர்வு செய்யும் குழுவில் முதலீட்டாளர்களோடு, ஒரு தொழிலாளர் துறை ஆய்வாளரும், ஒரு அரசுப் பள்ளி ஆசிரியரும், சிறு வயதில் கொத்தடிமையாக இருந்து மீண்டு வளர்ந்த ஒருவரும் உட்கார வேண்டும். மீட்கப்பட்டோர் எண்ணிக்கையை வைத்து வெற்றியை அளக்கக் கூடாது. ஒரே பிள்ளை மூன்று முறை மீட்கப்பட்டால் அந்தக் கணக்கில் அது மூன்று வெற்றிகளாகிவிடும். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஓராண்டு நிதி தந்து மறு ஆண்டு கைவிட்டால், ஐந்தாம் நாள் அழைப்புக்குப் பழகிய ஊர் மறுபடியும் மௌனத்துக்குப் பழகிவிடும் என்பதால், குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு உறுதியளிக்க வேண்டும்.

குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளாக உலகம் கடைப்பிடிக்கும் ஜூன் 12, எங்கள் டெல்டாவில் வேறொரு காரணத்துக்காக எல்லோருக்கும் மனப்பாடமான நாள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் அது. ஆற்றில் தண்ணீர் வந்து நடவு வேலை தொடங்கினால் கிடைகளுக்கு வயலில் இடமில்லை. மந்தைகள் ஊர் எல்லையைத் தாண்டி மேற்கும் தெற்கும் நகர்ந்துவிடும், அவற்றோடு போகும் சிறுவனைத் தேடுவது அதன்பின் மிகக் கடினம். எனவே சோதனை முயற்சி ஒன்றைத் தொடங்க அரசோ எந்த நிறுவனமோ விரும்பினால், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பகுதிகளில் சில பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாளிலிருந்து வருகையைப் பார்க்கத் தொடங்கட்டும். அந்த ஐந்தாம் நாள் அழைப்பை ஏற்று வீடு வீடாகச் சென்று வர, என்னைப் போல் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எங்கள் வட்டாரத்தில் பலர் ஊதியமின்றி வரக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.